கரண்டு முடிந்த மறுவாரம்

மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுக்கும் பெண்கள் தோலை எப்படிப் பார்த்துக்கொள்வது? தேனி மாவட்டத்தில் பூண்டுச் சந்தை ஊரான வடுகபட்டியை முன்வைத்து ஒரு சிறப்புக் கட்டுரை.

கடைசி நாள் கதிர்வீச்சு முடிந்து மதுரையில் பஸ் ஏறும் பெண்ணுக்கு ஒரு நிம்மதி இருக்கும். ஆபரேஷன் முடிந்தது, கீமோ முடிந்தது, ஊர்ப் பேச்சில் ‘கரண்டு வைக்கிறது’ எனப்படும் கதிர்வீச்சும் முடிந்தது. இனி வீடுதான். ஊர் வந்து சேர்ந்து நாலைந்து நாள் கழித்துக் குளிக்கும்போதுதான் கவனிக்கிறார். அக்குளும் மார்பின் கீழ்மடிப்பும் போன வாரத்தைவிடக் கருத்திருக்கின்றன. ஓரிடத்தில் தோல் உரிந்து நீர் கசிகிறது. ஜாக்கெட் ஒட்டிக்கொள்கிறது. “எல்லாம் முடிஞ்ச பெறகு ஏன் மதினி இப்பிடி ஆகுது? கூடுதலா வச்சுப்புட்டாங்களோ?” என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார். மதினிக்கு என்ன தெரியும்? தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொல்கிறார்.

கூடுதலாக யாரும் வைக்கவில்லை. கதிர்வீச்சால் வரும் தோல் ரணம் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தலைகாட்டும். உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் சிகிச்சை முடிந்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான். தினமும் நர்ஸையும் டாக்டரையும் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் தோல் ஓரளவு நன்றாக இருக்கிறது. யாரும் பார்க்க ஆளில்லாத வாரத்தில் மோசமாகிறது. அடுத்த செக்கப் ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து. நம் ஊர்ப் பக்கம் தோல் பராமரிப்பு பற்றிச் சொல்லப்படும் அறிவுரைகளில் இந்த ஒரு விஷயம்தான் அதிகம் விடுபடுகிறது.

2022-ம் ஆண்டுக்கான சர்வதேசக் கணக்கின்படி, அந்த ஒரே வருடத்தில் இந்தியாவில் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். இவர்களில் பெரும் பங்கினருக்குக் கதிர்வீச்சு தேவைப்படும். கதிர்வீச்சு எடுப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஏதோ ஓர் அளவில் தோல் பாதிக்கும். பலருக்கு அது வெறும் அரிப்பு, கருமை, வறட்சியோடு போய்விடும். சிலருக்கு நீர்ப்புண்ணாகும்.

தோலே அளவுகோலாக இருந்த காலம்

எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895 நவம்பரில். அடுத்த சில ஆண்டுகளிலேயே அதைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். ஆனால், எவ்வளவு கதிர் உடம்பில் இறங்கியது என்று அளக்கக் கருவி இல்லை. அதனால் நோயாளியின் தோலையே அளவுகோலாக்கினார்கள். தோல் எந்த அளவில் சிவக்கிறதோ அது ஒரு ‘டோஸ்’. பல்லாண்டு காலம் இப்படித்தான் ஓடியது. அன்றைய எக்ஸ்ரேக்குச் சக்தி குறைவு. கதிரின் முழு உக்கிரமும் மேல்தோலிலேயே இறங்கியது. உள்ளே இருக்கும் கட்டிக்குப் போதுமான அளவு சேருவதற்குள் மேலே வெந்துவிடும்.

இந்த நிலையை மாற்றியது கோபால்ட் இயந்திரம். அதன் கதிர் தோலுக்குக் கீழே அரை சென்டிமீட்டர் ஆழத்தில்தான் உச்ச அளவை எட்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கோபால்ட் வந்துவிட்டது. இன்று பெரும்பாலான இடங்களில் இருக்கும் லீனியர் ஆக்சிலரேட்டர் இன்னும் ஒரு படி மேல். மார்புக்கு வழக்கமாகப் பயன்படும் 6 எம்.வி. (மெகாவோல்ட்) கதிர், தோலுக்குக் கீழே ஒன்றரை சென்டிமீட்டரில்தான் முழு வேகம் எடுக்கிறது. பாட்டி காலத்து ‘கரண்டு’ கதைகளைக் கேட்டுப் பயந்திருக்கும் பெண்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

அப்படியென்றால் மார்புத் தோல் ஏன் இன்னும் பாதிக்கிறது? மார்பகமே உடம்பின் மேற்பரப்பில் இருக்கும் உறுப்பு. கதிர் பக்கவாட்டில் சரிந்து நுழைகிறது. மடிப்புகளில் தோலோடு தோல் ஒட்டியிருப்பதால் அங்கே தோல் வாங்கும் அளவு கூடுகிறது. நோய் முற்றிய நிலையில் வந்து மார்பகத்தையே அகற்ற வேண்டியிருந்தவர்களில் சிலருக்குத் தோலிலேயே நோய் திரும்ப வாய்ப்பு உண்டு. அவர்களுக்கு மார்பின் மேல் ‘போலஸ்’ என்ற ஜெல் தகட்டை வைத்து, தோலுக்கும் வேண்டுமென்றே முழு அளவு கொடுப்பார்கள். இவர்களுக்குத் தோல் ரணம் கடுமையாக வந்தால் அது சிகிச்சையின் ஒரு பகுதி.

தோலின் அடியடுக்கு ஒரு நாற்றங்கால். அங்கே முளைக்கும் செல்கள்தான் மெல்ல மேலேறி, நாலைந்து வாரத்தில் மேல்தோலாகி உதிர்கின்றன. கதிர் பாதிப்பது அந்த நாற்றங்காலை. மேலே ஏற்கெனவே நட்ட பயிர் சில வாரம் பச்சையாக நிற்கும். அது உதிர்ந்த பிறகு, நடுவதற்கு நாற்று இல்லாதபோதுதான் வெறும் தரை தெரியும். முதல் பத்து நாள் “எனக்கு ஒன்னும் செய்யலியே” என்று சொன்னவர் நாலாவது வாரம் துடிப்பது இதனால்தான்.

நம் தோல் சிவக்காது

உலகம் முழுக்க இந்த ரணத்தைத் தரம் பிரிக்கும் அட்டவணைகள் ‘லேசான சிவப்பு’, ‘நல்ல சிவப்பு’ என்று தொடங்குகின்றன. வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியவை. கம்பம் பள்ளத்தாக்கில் வெயிலில் களையெடுக்கும் பெண்ணின் தோல் சிவந்து காட்டாது. கருக்கும். சிலருக்கு ஊதா கலந்த கருமை. தொட்டால் சூடு தெரியும், தோல் இறுகியது போல இருக்கும், சுருக்கென்று குத்தும். ஆகவே “சிவந்தா வந்து காட்டுங்கம்மா” என்ற அறிவுரை நம்மவர்களுக்குப் பாதிதான் பயன்படும். கருத்தால், சுட்டால், இறுகினால், நமைத்தால் காட்ட வேண்டும். பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டர்களும் இதைக் கவனித்தால் நல்லது.

இன்னொன்று, கூச்சம். கைப்புண் என்றால் பஸ் ஸ்டாண்டில்கூடக் காட்டிவிடலாம். மார்புப் புண்ணைக் கணவனிடம்கூடக் காட்டாதவர்கள் இருக்கிறார்கள். மகனோடு ஆஸ்பத்திரிக்கு வந்த அம்மா, டாக்டர் “எப்படி இருக்கு?” என்று கேட்டால், மகன் முன்னால் “நல்லாருக்கு சார்” என்பார். உடன் போவது மகளோ, மருமகளோ, தங்கையோ ஆக இருந்தால் பாதிப் பிரச்னை அங்கேயே தீர்ந்துவிடும்.

ஊக்கும் சரடும்

புத்தகங்களில் ‘தளர்வான பருத்தி ஆடை அணியுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நம் ஊர்ப் பெண்ணின் மேல் என்னென்ன உரசுகிறது என்று எடுத்துப் பார்த்தால் அந்த ஒரு வரி போதாது என்பது புரியும்.

முதலில் ஜாக்கெட். சேலைக்கு மேட்சாக எடுக்கும் பாலியஸ்டர் கலந்த துணி. அக்குளில் இறுக்கிப் பிடிக்கும் தையல். கதிர் படும் பகுதியில் மிக மோசமாக ரணமாகும் இடங்களில் அந்த அக்குளும் ஒன்று. சிகிச்சை நாட்களுக்கென்று பழைய, துவைத்துத் துவைத்து மெலிந்த காட்டன் ஜாக்கெட் இரண்டை எடுத்து, அக்குள் தையலைப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். வீட்டில் இருக்கும்போது நைட்டி, அல்லது கணவரின் பெரிய காட்டன் பனியன். பிராவின் கீழ்ப்பட்டி மடிப்பில் நேராக உட்காரும். புண் ஆறும்வரை அதைத் தவிர்க்கலாம். மார்பகம் கனமாக இருந்து ஆதரவு தேவைப்பட்டால், கம்பி இல்லாத மெத்தென்ற காட்டன் வகை போதும். மார்பகம் எடுக்கப்பட்டவர்கள், வெளியே போகும்போது ஜாக்கெட்டுக்குள் துணியையோ பஞ்சையோ உருட்டி வைத்துக்கொள்வது வழக்கம். வெயிலில் பஸ்ஸில் போகும்போது அந்த உருண்டை வேர்வையில் நனைந்து, தழும்பின் மேல் உரசிக்கொண்டே வரும். இந்த சில வாரம் அது வேண்டாம். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

பிறகு தாலி. மஞ்சள் தடவிய சரடு, காறை எலும்பையொட்டி இறங்கி மார்பின் நடுவே தொங்கும். நிணநீர் முடிச்சுகளில் நோய் பரவியிருந்தால் கழுத்தின் கீழ்ப்பகுதிக்கும் கதிர் கொடுப்பார்கள். அதே இடத்தில் சரடு வேர்வையோடு அறுக்கும். போதாததற்குப் பல பெண்கள் தாலியோடு நாலைந்து ஊக்கையும் சேர்த்து மாட்டியிருப்பார்கள். அவசரத்துக்கு உதவும் என்று. கதிர்வீச்சு அறைக்குள் உலோகத்தைக் கழற்றச் சொல்வது வழக்கம். வீட்டிலும் கழற்றி வைத்தால் தோலுக்கு நல்லது. தாலியைக் கழற்ற மனம் வராதவர்களை வற்புறுத்துவதில் அர்த்தமில்லை. கதிர் படாத பக்கமாக ஒதுக்கி, மெல்லிய காட்டன் துணிக்கு மேலே வருமாறு போட்டுக்கொள்ளலாம். ஊக்குகளுக்கு மட்டும் கண்டிப்பாக விடுமுறை.

மூன்றாவது, வேலை. வடுகபட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கவிஞர் வைரமுத்து, இல்லையென்றால் பூண்டு. வியாழனும் ஞாயிறும் கூடும் சந்தைக்குக் கொடைக்கானல் மலைப்பூண்டும் வடநாட்டுப் பூண்டும் வந்து இறங்கும். காய்ந்த தாளும் வேரும் நீக்கித் தரம் பிரிப்பதில் பெண்கள் கை முக்கியமானது. அந்தக் காகிதச் சருகு காற்றில் பறந்து வேர்த்த கழுத்திலும் கழுத்து வழியாக ஜாக்கெட்டுக்குள்ளும் ஒட்டும். கதிர்வீச்சு ஆரம்பித்து இரண்டாவது வாரத்திலிருந்து, முடிந்து ஒரு மாதம்வரை இந்த வேலைக்கும் வெயில் வேலைக்கும் போகாமலிருப்பது நல்லது. சொல்வது சுலபம். தினக்கூலி போனால் அடுப்பு எரியாது என்பதையும் மறந்துவிட்டுச் சொல்லவில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைத்தான் பார்க்கும், கூலியைப் பார்க்காது.

குளிக்கலாமா?

கதிர் சரியான இடத்தில் விழ, முதல் நாளே மார்பில் கோடும் புள்ளியும் போடுவார்கள். சில இடங்களில் பச்சை குத்துவது போலச் சின்னப் புள்ளி. பல இடங்களில் மைக்கோடு. “கோடு அழியக் கூடாது” என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை, “தண்ணியே படக் கூடாது” என்று வீட்டில் எடுத்துக்கொள்கிறார்கள். அதன்பின் மூன்று வாரம், ஐந்து வாரம் மேலுக்குக் குளிக்காமல் துடைத்துக்கொண்டே இருக்கிறார்கள். சித்திரை மாத வேர்வையில்.

இது தேவையில்லாத தண்டனை. கனடாவில் 99 பெண்களை இரு குழுவாகப் பிரித்து நடத்தி, 2001-ல் வெளியான ஆய்வில், கதிர் பட்ட இடத்தைக் கழுவாமல் இருந்தவர்களில் 33 சதவீதத்தினருக்கு நீர்ப்புண் வந்தது. தண்ணீரும் மென்மையான சோப்பும் கொண்டு கழுவியவர்களில் 14 சதவீதம்தான். கோடு அழிந்துவிடும் என்ற பயம் இருந்தால் டெக்னீஷியனிடம் சொன்னால் போதும், மங்கியதைத் திரும்பப் போட்டுக் கொடுப்பார்கள். நாமே பேனாவால் இழுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வெதுவெதுப்பான தண்ணீர். சோப்பைக் கையில் குழைத்து, உள்ளங்கையால் மெல்லத் தடவிக் கழுவுவது. பீர்க்கங்கூடு வேண்டாம், கல் வேண்டாம். தலைக்குச் சீயக்காய் தேய்த்தால் குனிந்து அலசுங்கள், அது மார்பில் வழியக் கூடாது. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, மடிப்பை ஃபேன் காற்றில் ஆறவிடுங்கள். அக்குள் முடியை பிளேடால் எடுக்க வேண்டாம். வீக்கம் என்று சுடுதண்ணீர் ஒத்தடமும் கூடாது, எரிகிறதென்று ஐஸ் கட்டியும் கூடாது. வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர் க்ரீமை முதல் நாளிலிருந்தே தினம் இரண்டு வேளை தடவலாம். கதிர் வைக்கப் போகுமுன் கனமாக அப்பிக்கொண்டு போகக் கூடாது.

அடுப்பங்கரை வைத்தியம்

வடுகபட்டியில் எதற்கும் பூண்டு உண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு, வாயுவுக்குப் பூண்டு. சாப்பாட்டில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம், தடையில்லை. அரைத்துத் தோலில் பூசினால் கதை வேறு. பச்சைப் பூண்டை வைத்துக் கட்டியதால் தீக்காயம் போலக் கொப்புளம் கிளம்பியவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் நிறையப் பதிவுகள் உண்டு. நாள் முழுக்கப் பூண்டு உரித்தவர்களுக்கு விரல்நுனி எரிவது தெரியும். நல்ல தோலுக்கே அந்தக் கதி.

மஞ்சள் விஷயம் அத்தனை எளிதல்ல. மங்களூருவில் உள்ள ஃபாதர் முல்லர் மருத்துவக் கல்லூரியில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 50 பேரிடம், மஞ்சளும் சந்தன எண்ணெயும் கலந்த க்ரீமைச் சோதித்து 2014-ல் வெளியிட்டார்கள். பேபி ஆயில் தடவியவர்களைவிட க்ரீம் தடவியவர்களுக்குத் தோல் ரணம் குறைவு. சின்ன ஆய்வு, ஒப்பிட்டதும் பேபி ஆயிலோடு. மஞ்சளின் குர்குமினை மாத்திரையாகக் கொடுத்து அமெரிக்காவின் ராச்செஸ்டரில் மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள் 30 பேரிடம் சோதித்தபோது பலன் இருப்பதாகத் தெரிந்தது. அதையே 686 பேரிடம் விரிவாகச் செய்து 2018-ல் வெளியிட்டபோது பலன் காணாமல் போனது. ஆகவே மஞ்சள் கிழங்கை அம்மியில் உரைத்துப் பூசுவதற்கு இந்த ஆய்வுகள் எதுவும் சான்றிதழ் தரவில்லை. அம்மியின் அழுக்கும் கிழங்கின் சொரசொரப்பும் உரிந்த தோலுக்கு ஆகாது.

கற்றாழை? கேட்டால் பலரும் ஏமாற்றமடைவார்கள். ஆஸ்திரேலியாவில் 225 பெண்களிடம் சோதித்ததில், கற்றாழை ஜெல்லைவிடச் சாதாரண நீர் கலந்த க்ரீமே வறட்சியையும் வலியையும் நன்றாகக் குறைத்தது. தேங்காய் எண்ணெய் பற்றி டாக்டருக்கு டாக்டர் கருத்து மாறுகிறது. உங்கள் டாக்டர் சரி என்றால் சரி. புண் உடைந்த இடத்தில் எண்ணெய், பவுடர், சாம்பல், காப்பித்தூள் எதுவும் வேண்டாம்.

நன்றாகச் சோதித்துத் தேறியவை வேறு. டாக்டர் எழுதித் தரும் மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு களிம்பை ஆரம்பத்திலிருந்தே மெல்லிதாகத் தடவினால், ரணமும் நமைச்சலும் குறைகின்றன. விலையும் குறைவு. ஆனால் நம் மருந்துக்கடைகளில் சீட்டு இல்லாமலே விற்கும், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த களிம்புகளை நாமே வாங்கித் தடவுவது வேறு விஷயம், அது வேண்டாம். கனடாவில் 376 பெண்களிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், சிலிக்கோன் பூச்சுள்ள மெல்லிய படலத்தை மார்பில் ஒட்டிவிட்டதில், நடுத்தர, கடும் ரணம் 45.6 சதவீதத்திலிருந்து 15.5 சதவீதத்துக்கு இறங்கியது. அசத்தலான முடிவு, விலையும் அதற்கேற்ப.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் களிம்பில் வரவில்லை, கணக்கில் வந்தது. முன்பு 25 நாளில் 50 கிரே (கதிரை அளக்கும் அலகு) என்பதே வழக்கம். பிரிட்டனில் நடந்த ஸ்டார்ட் ஆய்வுகளின் பத்தாண்டு முடிவு 2013-ல் வந்தது. 15 நாளில் 40 கிரே கொடுத்தாலும் நோயைக் கட்டுப்படுத்துவதில் குறைவில்லை, தோல் பாதிப்பும் குறைவு என்றது அது. தேனியிலிருந்து மதுரைக்கு ஒரு வழியே சுமார் 75 கிலோமீட்டர். பத்து நடை மிச்சமாவது தோலுக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கே ஆறுதல். “எனக்கு 15 நாள் போதுமா?” என்று டாக்டரைக் கேட்பதில் தப்பில்லை. எல்லோருக்கும் பொருந்தாது. ஏன் பொருந்தாது என்று அவர் சொல்வார்.

போக்குவரத்தும் ரணமும்

தேனி மாவட்டத்திலிருந்து கதிர்வீச்சுக்கு மதுரை போவோர் அதிகம். அரசு ராஜாஜி மருத்துவமனையின் புற்றுநோய் மையம் பாலரெங்காபுரத்தில் இருக்கிறது. 2010 கடைசியில் நிறுத்தப்பட்ட ரயில், அகலப்பாதையில் தேனிக்குத் திரும்பியது 2022 மே மாதத்தில். பஸ்ஸில் நெரிசலில் இடிபட்டு, தோள்பை உரச வருவதைவிட, நேரம் ஒத்துவந்தால் ரயில் தோலுக்குச் சாதகம். புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயில்வே கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனையில் கையெழுத்து வாங்க வேண்டும்.

ரணத்துக்குப் பயந்து நாலு நாள் போகாமல் நின்றுவிடுவதுதான் பெரிய ஆபத்து. விட்ட நாட்களில் புற்றுச் செல்களும் தேறிக்கொள்ளும். நிறுத்துவதா, இடைவெளி விடுவதா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். அதேபோல, கதிர்வீச்சு எடுத்து வந்தவரிடமிருந்து அது மற்றவர்களுக்குப் பரவும் என்று பேரப்பிள்ளையை ஒதுக்கி வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. வெளியிலிருந்து இயந்திரம் கொடுக்கும் கதிர் உடம்பில் தங்குவதே இல்லை. பிள்ளையைத் தூக்கலாம், புண் படாத பக்கமாக.

இனி, அந்த மறுவாரம். கடைசி நாளன்று ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன் மூன்றைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்: இரண்டு வாரத்துக்குத் தேவையான களிம்பு, புண் உடைந்தால் எந்தக் கட்டு எப்படிப் போடுவது என்று எழுதிய சீட்டு, போனில் கேட்க ஓர் எண். அந்தச் சீட்டைக் காட்டினால் பெரியகுளம் அரசு மருத்துவமனையிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஒட்டாத வகைக் கட்டு போட்டுக்கொள்ள முடியும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பி.பி., சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. வலி நிவாரணப் பராமரிப்பும் அதில் உண்டு. கதிர்வீச்சு முடித்துத் திரும்பிய பெண்களின் பட்டியல் மதுரையிலிருந்து அந்தந்த வட்டாரத்துக்குப் போய், பத்தாவது நாள் ஒரு செவிலியர் கதவைத் தட்டினால் எவ்வளவோ வேதனை குறையும். புதிய திட்டம் தேவையில்லை, இருக்கும் திட்டத்தில் ஒரு வரி போதும்.

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சீழ், நாற்றம், ரத்தக் கசிவு, கை வீக்கம் இவற்றில் எது வந்தாலும் அந்த மாதச் செக்கப்புக்குக் காத்திருக்கக் கூடாது. சுகர் இருப்பவர்களுக்கும் புகையிலை போடுபவர்களுக்கும் ஆறுவதற்கு நாளாகும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று, நாலு வாரத்தில் புதுத்தோல் மூடிவிடும். கருமை மெல்ல மாதக்கணக்கில் வெளுக்கும். அந்த இடம் வெயிலில் சீக்கிரம் கருகும் என்பதால் காலம் முழுக்க முந்தானையால் மூடிக்கொள்வது நல்லது. இரண்டு மாதம் ஆகியும் ஆறாத புண், அல்லது ஆறிய பிறகு திடீரென்று புதிதாகத் தடித்துக் கிளம்பும் முடிச்சு, காம்பைச் சுற்றிச் செதிலுதிரும் தடிப்பு இவை கதிர்வீச்சு ரணம் அல்லாமலும் இருக்கலாம். களிம்பு தடவிப் பார்த்துக்கொண்டிருக்காமல், மறுநாளே சிகிச்சை கொடுத்த டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.